ஓட்டுக்கு ஒரு ஜோடி

வெளிநாட்டுப் பூட்ஸுக்குப் போட்டிருந்த வரியை எடுத்துவிடலாமா என்று டப்ளின் சட்டசபையில் மூன்று நாளாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். எடுத்தால் எதிர்க்கட்சி உறுப்பினர் மாலக்கி டாங்னியின் ஊரில் இருக்கிற ஒரே பூட்ஸ் ஆலை படுத்துவிடும். இருநூறு குடும்பம் பிழைப்புத் தேடி லிவர்பூலுக்குக் கப்பலேற வேண்டியதுதான். அவரை ஜெயிக்கவைத்து அனுப்பியதே அதைத் தடுக்கத்தான்.

ஓட்டெடுப்பு அன்று காலை தந்தி வந்தது. மனைவி அட்ராக்டாவுக்கு மூச்சு இழுக்கிறதாம். போகவா, இருக்கவா? மனிதர் தவியாய்த் தவித்தார்.

வரியை ஒழிக்கத் தொண்டை கிழியப் பேசிய ஆளுங்கட்சி ஃபின்டன் ஸ்கல்லிதான் வந்து தோளைத் தொட்டார். பக்கத்துத் தொகுதிக்காரர்.

"கெளம்புங்க மாலக்கி. நாம ஜோடி போட்டுக்குவோம். நீங்களும் ஓட்டுப் போடல, நானும் போடல. சரிக்குச் சரியாப் போச்சு."

"உங்க கட்சி விடுமா?"

"அட போங்கய்யா! சம்சாரம் சாகக் கிடக்காங்க, கட்சியாம் கட்சி!"

கையைப் பிடித்துச் சத்தியம் செய்தார். ஜோடி போட்டவரிடம் கையெழுத்துக் கேட்பது அந்தச் சபையில் அவமானம். மாலக்கி கேட்கவில்லை. மடையன்!

சாயங்காலம் அட்ராக்டா அவர் மடியிலேயே போய்ச் சேர்ந்தாள். மறுநாள் பேப்பரில் செய்தி: வரி ஒழிந்தது, ஒரே ஓட்டில். ஓட்டுப் போட்டவர் பட்டியலில் ஸ்கல்லி பெயரும் இருந்தது.

சாவு வீட்டில் ஊரே வந்து உட்கார்ந்து டீயும் விஸ்கியும் குடிப்பதுதான் அங்கே வழக்கம். ஆலை மேஸ்திரி டெக்லன் மட்டும் வந்தான், அதுவும் வாசல்வரைக்கும்.

"அவன் ஏமாத்திட்டான்பா. ஜோடி போட்டோம்..."

"யாரோட? அவனோடயா? எங்களோட இல்லையா?" என்று கேட்டுவிட்டு, தொப்பியைக்கூடக் கழற்றாமல் போனான்.

சவப்பெட்டி தூக்க ஆறு பேர் வேண்டும். மாலக்கியும் அவர் தம்பிகள் இருவரும் மச்சினனும் வெட்டியானும் சேர்ந்தால் ஐந்து. கல்லறை வாசலில் ஆலைக்காரர்கள் கூட்டமாக நின்றார்கள். ஒருத்தன் அசையவில்லை. பாதிரியார் கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது ஒரு கார் வந்து நின்றது. கறுப்பு டை கட்டிக்கொண்டு ஸ்கல்லி இறங்கினார்.

"என்னத்தச் சொல்ல மாலக்கி. மேலிடத்துல நெருக்கிட்டாங்க," என்றபடி முன்வரிசையில் மாலக்கிக்கு எதிரே காலியாக இருந்த பக்கத்தில் தோளைக் கொடுத்தார்.

பெட்டி எழுந்தது. எதிரெதிர் நிற்பவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுப் பிடித்துக்கொண்டால்தான் பாரம் நிற்கும். ஸ்கல்லியின் கை மாலக்கியின் தோளில் விழுந்தது. மாலக்கியும் போட்டார். வேறு வழி?

வாசலைக் கடக்கும்போது டெக்லன் காறித் துப்பினான்.

"பாத்தீங்களாடா, தோள்மேல கை போட்டு வருதுங்க, கூட்டுக் களவாணிங்க!"

மாலக்கி கையை எடுக்கத் துடித்தார். எடுத்தால் அட்ராக்டா கீழே விழுவாள்.