கடைசி நாள் காய்ச்சல்

விடியும்போதே வாயாடிக்கு உடம்பு கணகணவென்று இருந்தது. நெற்றியைத் தொட்ட அப்பாவுக்குக் கையை எடுக்கவே மனசு வரவில்லை. பாழாய்ப்போன காய்ச்சல், இரண்டு வாரம் கழித்து வந்தால் குறைந்தா போய்விடும்?

வாயாடிக்குச் சர்க்கரை நோய். பதினொரு வயதுப் பிள்ளைக்கு என்ன சர்க்கரை என்று கேட்காத ஆள் இல்லை. இது தின்று வருகிற சர்க்கரை இல்லை. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே புத்தி கெட்டுப்போய், இன்சுலின் சுரக்கிற செல்களை எதிரி என்று நினைத்து அடித்து நொறுக்குகிற நோய். கொஞ்சம் செல்கள் மிச்சம் இருக்கும்போதே அந்த அடாவடியை அடக்க முடியுமா என்று ஆஸ்பத்திரியில் ஒரு மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள். நோய் தெரிந்த சில வாரங்களுக்குள் முதல் டோஸ் ஏறியாக வேண்டும். பரீட்சை, ரத்தப் பரிசோதனை, கையெழுத்து என்று இழுத்தடித்து, அவளுடைய கெடுவின் கடைசி நாளில் வந்து நின்றது. காய்ச்சல் இருந்தால் மருந்து கிடையாது. போனால் போனதுதான்.

அப்பன்காரன் காய்ச்சல் மாத்திரை ஒன்றை எடுத்துக் கொடுத்தான். மனைவி அதற்குள் வேலைக்குப் போயிருந்தாள். இருந்திருந்தால் வீடு ரெண்டாகியிருக்கும்.

"நர்ஸக்கா கேட்டா?"

"நான் பார்த்துக்கறேன். நீ வாயைத் திறக்காதே."

வாயாடியிடம் போய் வாயைத் திறக்காதே என்கிறான் மனுஷன்! அதிசயமாக, அவளும் தலையை ஆட்டினாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் காதில் கருவியை வைத்துப் பார்த்தாள். சூடு சரியாக இருந்தது.

"இந்த வாரத்துல காய்ச்சல், சளி, இருமல் ஏதாவது?"

"ஒண்ணும் இல்லைங்க சிஸ்டர்." பொய் வழுக்கிக்கொண்டு வந்தது.

"பாப்பா, உனக்கு?"

"இல்லை," என்றாள் வாயாடி. கேட்ட கேள்விக்கு ஒரே வார்த்தையில் அவள் பதில் சொல்லி அவன் பார்த்ததே இல்லை. பிள்ளையைப் பொய் சொல்ல வைத்துவிட்டோமே என்று சுருக்கென்றது. 

நர்ஸ் வாயாடியின் கையில் ஊசி குத்தி டேப் ஒட்டினாள். கம்பியில் பையை மாட்டினாள். பிறகு ஒரு சின்னக் கிண்ணத்தில் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தாள்.

"இதை முழுங்கும்மா. மருந்து ஏறும்போது காய்ச்சல் வரலாம், அதுக்காக முன்னாடியே குடுக்கறது. அரை மணில ஆரம்பிச்சிடலாம்."

காலையில் அவன் கொடுத்த அதே மாத்திரை!

முதலில் அவனுக்குச் சிரிப்புதான் வந்தது. இனி மாட்டவே மாட்டான். காய்ச்சலை இவர்களே அமுக்கிவிடுவார்கள். மீறி ஏறினாலும் பழி மருந்தின் மேல்தான் விழும். யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படி நினைத்த மாத்திரத்தில் சிரிப்பு நின்றது. யாருக்கும் தெரியாது என்றால் பிள்ளையை யார் காப்பாற்றுவது? இந்த மருந்து எதிர்ப்புச் சக்தியின் கையைக் கட்டிப்போடும், உள்ளே கிருமி இருந்தால் அதற்குக் கொண்டாட்டம் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டவன்தான் இவன்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். கதவு சரியாக மூடாவிட்டால் லிஃப்டை நிறுத்துகிற சுவிட்சை, அவசரத்துக்குக் கம்பி போட்டுக் கட்டிவிட்டு ஓட்டுகிறவனைக் கண்டால் செருப்பைக் கழற்றுவான். இன்றைக்கு அவனே அந்தச் சுவிட்சைக் கட்டிவிட்டு, பெற்ற பிள்ளையை உள்ளே ஏற்றியிருக்கிறான், பாவி.

வாயாடி மாத்திரையை வாயருகே கொண்டுபோனாள். அவன் முகம் போன போக்கைப் பார்த்து, சொல்லாதீங்க என்று கண்ணாலேயே கெஞ்சினாள். கன்னம் சிவக்க ஆரம்பித்திருந்தது.

"வேணாம் சிஸ்டர், நிறுத்துங்க!" கத்தியே விட்டான். "காலைல காய்ச்சல் இருந்துச்சு. நான்தான் மாத்திரை குடுத்து மறைச்சேன்."

நர்ஸ் முதலில் அவள் கையிலிருந்த மாத்திரையை வாங்கினாள். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. டாக்டர் வந்து பிள்ளையைச் சோதித்தார். சாதாரணக் காய்ச்சலாகத்தான் தெரிகிறது, பயமில்லை என்றார். ஆனால் இந்தச் சோதனையில் இனி அவளுக்கு இடமில்லை.

"ரெண்டு நாள் தள்ளிப் போடக் கூடாதா சார்? உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"என் கையில இல்லைங்க. கெடு இன்னிக்கோட சரி."

"இதையாவது சொல்லுங்க. அந்தப் பையில இருந்தது மருந்துதானே?"

"எனக்கே தெரியாது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணி. யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுது. ஆராய்ச்சி முடியற வரைக்கும் நாங்க யாரும் பார்க்க மாட்டோம்."

நர்ஸ் பையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனாள். மேலிருந்து கீழ் வரை பழுப்பு உறை போட்ட பை.

ஆஸ்பத்திரி வாசல் படியில் வந்து உட்கார்ந்தான். இந்தப் பிள்ளை எதைத் தொலைத்தாள் என்றுகூட இப்போது யாரும் சொல்லப்போவதில்லையே. வாயாடி அவன் தோளில் சாய்ந்தாள். நெற்றி சுட்டது.

"அப்பா, அது உப்புத்தண்ணிதான்பா."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நான் பார்த்தேனே. வெறும் தண்ணி மாதிரிதான் இருந்துச்சு. நீங்கதான் சரியாப் பார்க்கலை."

உறைக்குள் இருந்ததை அவள் எங்கே பார்த்தாள்!

"ஆமாம்மா, தண்ணிதான்," என்றான். சொல்லிவிட்டு, போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, விசும்பி விசும்பி அழுதான்.