விழாத கோபுரம்

ஐப்பசி மழை விடாமல் பெய்த அந்த வாரம் வின்சிக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கு வருவாள். மேற்கே மலை தெரியாமல் மேகம் அடைத்துக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். பால் பொங்கித் தீய்ந்த வாடை வந்த பிறகுதான் உள்ளே ஓடுவாள். மாமியார் செல்லத்தாய் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள்.

"ஏட்டி, ஒனக்கு என்ன செய்யிது? ஆளு இங்க நிக்க, மனசு எங்கயோ அலையுதே."

"ஒண்ணுமில்ல அத்தை. கல்யாண வேலை தலைக்கு மேல கெடக்குல்லா, அதான்."

அது பாதிதான் உண்மை. கல்யாணம் நாத்தனார் ஜெனிலாவுக்கு. மாப்பிள்ளை வீடு சுந்தரபாண்டியம். கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண ஓலை வாசித்தாயிற்று, பத்திரிகை கொடுத்தாயிற்று, நவம்பர் நடுவில் தாலி மந்திரிப்பு. ஆனால் வின்சியின் மனசு அலைந்தது மந்திரிப்பு நடக்கப்போகிற கோயிலைச் சுற்றி.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கிறது மாதாபட்டி. அங்கே உள்ள வியாகுல மாதா கோயிலைப் பஸ்ஸில் போகிறவர்கள் 'சின்ன கதீட்ரல்' என்பார்கள். கதீட்ரல் என்றால் ஆயரின் நாற்காலி இருக்கும் பேராலயம். இந்தக் கோயிலுக்கு ஆயர் வருவது பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் கொடுக்கும்போது மட்டும்தான். ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது, கோபுரத்தால். மூன்று அடுக்கு. ஒவ்வொரு அடுக்கிலும் கூர்ந்த வளைவு ஜன்னல், உச்சியில் சிலுவை, நடுவில் வெளிநாட்டு வெண்கல மணி. எந்த ஊர்ப் பக்கமிருந்து வந்தாலும் பனைமரங்களுக்கு மேலே முதலில் தெரிவது அதுதான். ஜன்னலோரம் இருக்கிற கிறிஸ்தவர்கள் நெற்றியில் சிலுவை போடுவார்கள், மற்றவர்களும் சும்மா ஒரு கும்பிடு போட்டுக்கொள்வார்கள்.

அந்தக் கோபுரத்தைக் கட்டியது வின்சியின் மாமனார் சவரிராயனின் பாட்டையா. பருத்தி வியாபாரத்தில் நன்றாக வந்தவர். மதுரைக்குப் போய்ப் பேராலயத்தின் கோபுரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லையாம். நம்ம மாதாவுக்கும் ஒன்று நிற்கணும் என்று சொந்தச் செலவில் கட்டினார். சவரிராயனிடம் யார் வந்து பேசினாலும் மூன்றாவது வாக்கியத்தில் இந்தக் கதை வந்துவிடும்.

வின்சி கட்டட இஞ்சினியர். மில்களுக்கும் மண்டபங்களுக்கும் தூண், பீம் கணக்குப் போட்டுக் கொடுக்கிற சின்ன ஆபீஸ் ராஜபாளையத்தில் வைத்திருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவள். ஜெர்வினைக் கட்டியபின் கத்தோலிக்கப் பூசைக்கு வந்தவள். ஆகஸ்டில் பங்குச்சாமியார் அமலநாதன் அவளைக் கூப்பிட்டு, வெள்ளையடிக்கும் முன்னால் கோபுரத்துக்கும் கோயிலுக்கும் நடுவில் ஓடுகிற விரிசலை ஒருதடவை பார்த்துவிடச் சொன்னார்.

அவள் பார்த்தாள். மணிக்கயிறு தொங்குகிற இருட்டறையில் காரை உதிர்ந்திருந்த இடத்தில் டார்ச் அடித்ததும் அவளுக்கு ஒன்று புரிந்தது. கோயில் சுவரின் செங்கல் தட்டையாக, அப்பளம் அடுக்கினமாதிரி இருந்தது. கோபுரத்தின் செங்கல் தடித்திருந்தது. ஒன்றுக்குள் ஒன்று கோக்காமல் இரண்டு சுவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன, ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி மாதிரி. பழைய கோயிலின் முகத்தில் கோபுரத்தைச் சாத்தி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அடியில் கரிசல் மண், நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். ரோடு போடப் போட உயர்ந்துவிட்டதால் மழைத்தண்ணி முழுக்கக் கோபுரத்தடியில் வந்து நின்றது.

விரிசலின் குறுக்கே மூன்று இடத்தில் மெல்லிய கண்ணாடித் துண்டுகளைக் காரை வைத்து ஒட்டினாள். சுவர் அசையாமல் இருந்தால் கண்ணாடி அப்படியே இருக்கும். அசைந்தால் உடையும்.

மழை கொஞ்சம் வெறித்த ஒரு காலையில், ஆபீசுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை மாதாபட்டிக்குத் திருப்பினாள். கீழ்க் கண்ணாடி முழுசாக இருந்தது. நடுவில் இருந்ததில் ஒரு கோடு. மேலே இருந்தது இரண்டாகப் பிளந்து, நடுவில் விரல்நகம் நுழைகிற இடைவெளி.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு சாமியாரைக் கூப்பிட்டு வந்து காட்டினாள்.

"கண்ணாடி ஒடஞ்சா கோபுரம் விழுந்துருமாம்மா?" என்றார் அவர்.

"விழும்னு சொல்லல ஃபாதர். கோயில விட்டு விலகிப் போகுதுன்னு சொல்றேன். மேல போகப் போக அதிகமா விலகுது."

"சரி. விழுமா, விழாதா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா நான் சனத்துக்கிட்ட என்ன சொல்ல? இன்னும் பத்து நாள்ல ஒங்க வீட்டுக் கல்யாணம்."

"தெரியாததனாலதான் ஃபாதர் சொல்றேன். முன்வாசல் கோபுரத்துக்கு அடியில இருக்கு. ஐநூறு பேரு அதுக்குள்ள கூடிப் போகணும், வரணும். தாலி கட்டையில மணிய ஆட்டுவாங்க. அந்த மணி ஆடுனா கோபுரமே ஆடும். இந்த மழையில வேண்டாம். பூட்டிருங்க."

சாமியார் சாவிக்கொத்தை எடுத்துக் கோயிலைப் பூட்டினார். "ஒங்க மாமனார்ட்ட நீயே சொல்லிரும்மா" என்றார்.

அன்று சாயங்காலம் அவள் சொன்னாள். சவரிராயன் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

"எத்தன புயலு பாத்துருக்கும் அது" என்றார் நிதானமாக. "எங்கய்யா கல்யாணம் அதுக்கு அடியில, என் கல்யாணம் அதுக்கு அடியில, ஒன் கல்யாணமும் அதுக்கு அடியிலதான். அன்னைக்கெல்லாம் விழாதது எம்மக போகையிலதான் விழுமோ?"

"மாமா, அது ஒரே கட்டடம் இல்ல. பொறவு சேத்துக் கட்டுனது. அதுக்கு அஸ்திவாரம்…"

"பொறவு கட்டுனதுதான். எங்க பாட்டையா கட்டுனது. ஒங்கப்பா போற சபையில கோபுரமும் கிடையாது, மாதா சுரூபமும் கிடையாது. ஒனக்கு அது செங்கல்லு. எங்களுக்கு அப்படி இல்லம்மா."

எழுந்து உள்ளே போனவர் அதற்குப் பிறகு அவளிடம் பேசவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிட்டார். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக்கொண்டார். ஜெர்வின் இரண்டு பக்கமும் முகம் கொடுக்க முடியாமல் தான் வேலை பார்க்கிற பேண்டேஜ் துணி கம்பெனியே கதி என்று கிடந்தான்.

இரண்டு நாள் கழித்து ஜெனிலா மாடிக்கு வந்தாள். வின்சி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த சேலையையே மறுபடி உதறி மடித்துக்கொண்டிருப்பதை ஜெனிலா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மைனி, நான் சண்டைக்கு வரல. விழாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். நான் அப்பாவச் சமாளிச்சிக்கிடுதேன். ஃபாதர் தொறந்துவிட்டுருவாரு."

அந்த ஒரு வார்த்தை வின்சியின் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் வீடு சரியாகிவிடும். அநேகமாக அது உண்மையாகவும் இருக்கும்.

"சொல்ல முடியல ஜெனிலா."

ஜெனிலா தலையாட்டினாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் கோபம் இல்லை. "அப்ப ராஜபாளையத்துல வச்சிக்கிடுவோம். நான் அப்பாட்ட சொல்லுதேன்" என்று இறங்கிப் போனாள்.

கல்யாணம் ராஜபாளையம் டவுனில் உள்ள கோயிலில் நடந்தது. பத்திரிகையில் போட்ட இடம் வேறு, நடந்த இடம் வேறு. போன் போட்டுப் போட்டுச் சொன்னாலும் சுந்தரபாண்டியத்துக்காரர்கள் ஒரு வேன் நிறைய மாதாபட்டிக்குப் போய், பூட்டின கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா எல்லார் காதிலும் விழும்படி, "மருமக பேச்சுக்கு மாதாவையே பூட்டிட்டாவளாம்" என்றார். சவரிராயன் பட்டுவேட்டியில், முன்வரிசையில், சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

வெளியே மழை கொட்டியது. சாமியார் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தகரக் கொட்டகையில் மழை இரைகிற சத்தம்தான் வின்சிக்குக் கேட்டது. மாதாபட்டியிலும் பெய்யுமே என்று நினைத்தாள். தண்ணீர் இப்போது கோபுரத்தடியில் முட்டளவு நிற்கும். மேலடுக்கு இன்னும் ஒரு நூல் சாய்ந்திருக்கும். நினைப்பு ஓடிக்கொண்டே இருந்தபோது, நன்மை அப்பம் வாங்க வரிசையில் நின்ற இடத்தில், அவள் உள்ளே ஒரு வேண்டுதல் தானாக எழுந்தது. மாதாவே, இன்னைக்கே விழுந்துரட்டும். யாரும் இல்லாத நேரந்தானே.

தன் வேண்டுதல் தனக்கே கேட்டது. நன்மை வாங்காமல் வரிசையை விட்டு விலகி வந்துவிட்டாள்.

விருந்து முடியுமுன்னே ஜெர்வினிடம் பைக் சாவியைக் கேட்டாள். "இந்த மழையில எங்க போற?" என்றான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏறு, நானே வாரேன்" என்று வண்டியை எடுத்தான். நனைந்த பட்டுச்சேலை காலில் சுற்றிக்கொள்ள இரண்டு பேரும் மாதாபட்டியில் போய் இறங்கினார்கள்.

கோபுரம் நின்றது. கழுவிவிட்டது மாதிரி, எப்போதையும்விட நிமிர்ந்து நிற்கிறமாதிரித் தெரிந்தது. மணிக்கூண்டில் புறாக்கள் ஒண்டியிருந்தன.

வின்சி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிம்மதி வந்தது. அதோடு கூடவே, ஒளிக்க முடியாத ஒரு ஏமாற்றமும் வந்தது.

"விழணும்னு வேண்டுனேன் ஜெர்வின்" என்றாள். "பூசையில. நான் சொன்னது சரின்னு ஆகணும்னு."

ஜெர்வின் தலைமுடியில் வடிந்த தண்ணீரை வழித்தெறிந்தான். "நான் விழக்கூடாதுன்னு வேண்டுனேன். ஊருக்காக இல்ல. ஒம்பேச்சு பொய்யாயிட்டா வீட்டுல அப்பா மூஞ்சி தெளியும்ல, அதுக்கு." வண்டியைத் திருப்பி நிறுத்தினான். "ரெண்டு பேரும் கோயில நெனச்சி வேண்டல" என்றான் பிறகு.

அந்த வருஷ மழை முழுக்கக் கோபுரம் விழவில்லை. கிறிஸ்துமஸ் பூசையைக் கோயிலின் பின்முற்றத்தில் பந்தல் போட்டு வைத்தார்கள். கடைத்தெருவில் அவளைப் பார்த்தால், "என்ன இஞ்சினியரம்மா, நிக்குதே?" என்று கேட்பவர்கள் இருந்தார்கள். அவள் சிரித்துவிட்டுக் கடந்துபோவாள். ஆனால் வாரத்தில் மூன்று நாளாவது, வேலைக்கு நடுவே, காரணமில்லாமல் ஸ்கூட்டி மாதாபட்டிக்குத் திரும்பிவிடும். ஜன்னலைச் சாத்தினாளா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள் மாதிரி ஆகிவிட்டாள்.

மறைமாவட்டத்திலிருந்து மதுரை இஞ்சினியர்கள் இரண்டு பேர் வந்து கருவி வைத்து அளந்தார்கள். அவர்களும் அடித்துப் பேசவில்லை. இன்னும் இருபது வருஷம் நிற்கலாம், அடுத்த மழைக்கே போகலாம், எடையைக் குறைத்தால் கோயில் பிழைக்கும் என்றார்கள். பங்குக் கூட்டம் போட்டு, மேல் இரண்டு அடுக்கையும் இறக்குவதென்று முடிவானது. எல்லாரும் சவரிராயன் முகத்தைப் பார்த்தார்கள். அவர், "மணிய மட்டும் பத்திரமா எறக்குங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பொங்கல் கழித்து வேலை ஆரம்பித்தது. மெஷின் வைத்து இடிக்கக்கூடாது, கையால் செங்கல் செங்கலாக எடுக்கணும் என்று வின்சி கூடவே நின்றாள். மணி முதலில் இறங்கியது. பிறகு மூன்றாம் அடுக்கு. இரண்டாம் அடுக்கின் பின்சுவரைப் பிரித்தபோதுதான் மேலே நின்ற கொத்தனார், "மேடம், உள்ள இன்னொரு சுவரு பெயிண்டோட இருக்கு" என்று கூப்பிட்டார்.

சாரத்தில் ஏறிப் பார்த்தாள். கோபுரம் கட்டும் முன்னால் கோயிலுக்கு இருந்த முகம் அது. வெளிறின நீலப் பூச்சு. நடுவில் செங்கல் வைத்து அடைத்த ஒரு வட்ட ஜன்னல். அதற்கு மேலே சின்ன மாடத்தில் சுண்ணாம்பில் செய்த வியாகுல மாதா, இதயத்தில் வாளோடு, மூக்கு உடைந்து. இப்போது உயிரோடு இருக்கிற யாரும் அவளைப் பார்த்ததில்லை.

மறுநாளிலிருந்து சவரிராயன் குடையோடு வந்து வேப்பமரத்தடியில் உட்கார ஆரம்பித்தார். வின்சியிடம் பேசவில்லை. வெயிலில் நிற்கிறாளே என்று இரண்டொரு தடவை குடையை மட்டும் அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். வட்ட ஜன்னலின் அடைப்பை எடுத்த அன்று காலை வெயில் உள்ளே பாய்ந்து நடுக்கூடம் முழுவதும் நீண்டு பீடத்துப் படியைத் தொட்டது. அவர் உள்ளே போய், அந்த வெளிச்சத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"பாட்டையா இத மூடிட்டாவளே" என்றார், யாரிடமும் சொல்லாமல். செத்த நேரம் கழித்து, "அவிய நல்லா இருக்கும்னுதான் கட்டுனாவ" என்றார்.

"ஆமா மாமா" என்றாள் வின்சி. "வேல சுத்தமாத்தான் செஞ்சிருக்காவ. மண்ணுதான் தாங்கல."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "நின்னுருக்கும்னு நெனைக்கியா? எடுக்காம விட்டுருந்தா?"

"தெரியல மாமா. இனிமே தெரியவும் தெரியாது."

"ஒனக்கு அது உறுத்தலையா?"

"உறுத்துது. ராத்திரியெல்லாம் உறுத்துது."

அவர் குடையைக் கையில் எடுத்தார். "எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் வேலையாட்களுக்கு டீ சொன்னார்.

குருத்தோலை ஞாயிறன்று முன்வாசலைத் திறந்தார்கள். ஜெனிலா புருஷனோடு வந்திருந்தாள். ஓலையைப் பிடித்துப் பாடிக்கொண்டு பவனி ரோட்டிலிருந்து திரும்பியபோது கோயில் குட்டையாக, புதுசாக மொட்டையடித்த பிள்ளை மாதிரித் தெரிந்தது. சிலர் முகத்தைச் சுளித்தார்கள். சிலர் மாடத்தில் இருந்த மூக்குடைந்த மாதாவைக் காட்டித் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். வாசல்படி வந்ததும் கூட்டம் ஒரு கணம் தயங்கியது. யாரும் முதலில் போகவில்லை.

சவரிராயன் மருமகளின் முழங்கையைத் தொட்டார். "வாம்மா" என்றார். இரண்டு பேரும் முன்னால் போக, பின்னால் கூட்டம் நகர்ந்தது.