கப்பல் தெரிந்த சுவர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை பல் டாக்டரின் மாடியில் பிறந்தது. ஜன்னலுக்கு வெளியே, ஆறு கடலில் சேரும் இடத்தில், புதுப்பாலத்தின் தூண்கள் எழும்பியிருந்தன. பக்கத்தில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தவர், "இனிமே இங்கேருந்து கப்பல் தெரியாது" என்றார். பல்வலியை விட அதுதான் அவருக்கு வலித்தது.

2

ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு குட்டைச் சுவர். தினமும் சாயங்காலம் அதில் கப்பல் பார்க்க இரண்டு பேர்... (இல்லை, "தினமும்" பொய். ஒருவர் சலூன்காரர், சனி, ஞாயிறு அவருக்குத் தலைக்கு மேல் வேலை.) மற்றவர் அவருடைய தங்கை புருஷன், பஸ் டிரைவர்.

தங்கை இருந்தவரை மூன்று பேராக உட்கார்ந்த சுவர் அது. பெரிய கப்பலை இழுத்துவரும் சின்னப் படகை* அதன் குட்டி என்றே அவள் கடைசிவரை நம்பினாள். பிள்ளை அம்மாவைக் கைப்பிடித்துக் கூட்டி வருகிறதாம். ஆண்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவள் போன பிறகு, படகைக் கண்டதும் ஒருவர் "பிள்ளை வந்துட்டான்" என்பார், மற்றவர் "ம்" என்பார். அவளைப் பற்றி அவர்கள் பேசியது அவ்வளவுதான். வீட்டில் உட்கார்ந்து அதைக்கூடப் பேச வாய் வராது.

* இழுவைப் படகு. டிரைவர் ஒருமுறை விளக்கியிருக்கிறார். "உங்களுக்கு என்ன தெரியும்" என்றாளாம்.

3

பாலத்துக்காகச் சுவரை இடித்துத் தகரம் அடைத்தார்கள். தகரத்தில் இருந்த ஓட்டை வழியாக... வேண்டாம். ஓட்டையெல்லாம் இல்லை.

சலூன்காரருக்குப் பயம் வந்துவிட்டது. தங்கையும் இல்லை, கப்பலும் இல்லை. மாப்பிள்ளை இனி எதற்கு வருவார்? போன் செய்யக் கையில் சுளுக்கா என்று மனைவி திட்டினாள். போன் செய்து என்ன சொல்வது?

4

முதல் முடிவு: பாலம் திறந்ததும் இருவரும் அதன் மேல் நின்று கப்பல் பார்க்கிறார்கள். எழுதிப் பார்த்தேன், சிமெண்ட் விளம்பரம் மாதிரி இருந்தது.

இரண்டாவது: டிரைவர் வரவேயில்லை. நடக்கக்கூடியது இதுதான். எழுத எனக்கு மனசு வரவில்லை.

மூன்றாவது: கூட்டமில்லாத ஒரு மத்தியானம், டிரைவர் சலூனுக்குள் வந்து நாற்காலியில் உட்காருகிறார். (சொல்ல மறந்துவிட்டேன், அவருக்கு முழு வழுக்கை. மீசை தாடியும் கிடையாது.) சலூன்காரர் துணியைப் போர்த்திக் கழுத்தில் முடிச்சுப் போடுகிறார்.

"என்ன மாப்ளே பண்ணணும்?"

"மெதுவாப் பண்ணுங்க மச்சான்."

சலூன்காரர் கத்தரியை எடுத்துவிட்டார். அடுத்த வரி எனக்குத் தெரியவில்லை, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவசரமில்லை, டிரைவருக்கு இன்றைக்கு டூட்டி கிடையாது.