ஹாலோபரியில் எங்கே சாப்பிடலாம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரே ஒரு வரியிலிருந்து பிறந்தது. அந்த வரியை எழுதியவன் நான். எங்கள் ஊர்க்குழு சுற்றுலா வருகிறவர்களுக்காக அச்சடித்த சிற்றேட்டின் ஏழாம் பக்கத்தில், ‘எங்கே சாப்பிடலாம்’ என்ற தலைப்புக்குக் கீழே அது இருக்கிறது: “மூன்று மணி பப்பின் லீக் சூப்பைச் சாப்பிடாமல் ஹாலோபரியை விட்டுப் போகாதீர்கள்.”

அந்த வரியில் எழுத்துப் பிழை இல்லை. உண்மையும் இல்லை. (திருத்தம்: பப்பின் பெயர் உண்மை. மூன்று மணி என்றால் நேரமல்ல, தேவாலயத்து மணி. கதவை மதியம் பன்னிரண்டுக்கே திறந்துவிடுவார்கள்.)

நடந்ததை நடந்தபடி எழுதப் பலமுறை உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அதனால் எனக்குப் பதிலாக கிளைவ் என்று ஓர் ஆளை நிறுத்துகிறேன். அவனுக்கு என் வயது, என் முழங்கால் வலி, பப்பில் சன்னலோரத்து என் மேசை. மீசை மட்டும் அவனுடையது. அறுபத்தேழு வயதுக்காரரை ‘அவர்’ என்றுதான் எழுத வேண்டும், தெரியும். ஆனால் தன்னைத்தானே ‘அவர்’ என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. அவன் என்றே இருக்கட்டும்.

2

தொடக்கம் ஒன்று: “எழுநூறு ஆண்டுப் பழமையான கோபுரத்தின் மேல் காலை வெயில் தேன் நிறத்தில்—”

வேண்டாம். இது சிற்றேட்டின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது.

தொடக்கம் இரண்டு: “கிளைவ் நல்ல மனிதன்.”

இதற்கு என்னிடம் சாட்சி இல்லை. அடித்துவிட்டேன்.

தொடக்கம் மூன்று: “ஜனவரியில் லொரேனுக்குக் காய்ச்சல் வந்தது.” சரியான தொடக்கம் இதுதான். லொரேன் டக்கெட் பத்தொன்பது வருடமாக அந்தப் பப்பைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர், சமையலும் அவரே. பத்து நாள் படுக்கையில் கிடந்து எழுந்து வந்தார். அதற்குப் பிறகு சாப்பாடு கெட்டுப்போனது. காய்ச்சலையும் சாப்பாட்டையும் சேர்த்துப் பார்க்க கிளைவுக்குத் தோன்றவில்லை. ஆகவே அவனுக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன், மார்ச் மாதம் நடந்த ஊர்க்குழுக் கூட்டத்திலிருந்து.

“சாப்பாட்டுப் பக்கத்த கிளைவ்தான் எழுதணும்,” என்றார் தலைவர் ஃபெனெல்லா. “தினமும் வெளியில சாப்பிடுற ஆளு ஊர்லயே இவர் ஒருத்தர்தான்.”

“அடுப்பு பத்தவைக்கத் தெரியாததுக்கு இப்படி ஒரு பட்டமா?” என்றான் கிளைவ்.

“உங்க வீட்டம்மா போறப்ப அடுப்பையும் சேத்து எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னுல்ல நெனச்சேன்,” என்றார் ரான். ரான் அவனுடைய பக்கத்து வீட்டுக்காரர். கிளைவுக்கு விவாகரத்தாகிப் பதினொரு வருடமாகியும் அந்தப் பேச்சை விடமாட்டார்.

எழுத வேண்டியது மூன்றே இடம். ஆற்றோரத் தேநீர்க்கடை ஒன்று. அங்கே ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டியின் மேல் முதலில் ஜாமா கிரீமா என்று ஒரு சொல் எழுதினாலும் இரண்டு குடும்பங்களுக்குள் பேச்சு நின்றுபோகும். ‘ஸ்கோன் கிடைக்கும், நாலு மணிக்கு மூடிவிடுவார்கள்’ என்பதோடு கிளைவ் நிறுத்திக்கொண்டான். வியாழக்கிழமை தேவாலய வாசலில் வந்து நிற்கும் மீன் வறுவல் வண்டி இரண்டாவது. மூன்றாவது, பப்.

3

செவ்வாய்க்கிழமை மதியம். பப்பில் கிளைவும், மூலையில் ரானும் அவர் மனைவியும் மட்டும். பெரிய வெங்காயத்தாள் மாதிரி இருக்கும் லீக்கும் உருளைக்கிழங்கும் போட்ட சூப், பக்கத்தில் ரொட்டி. அன்றைக்கும் முதல் கரண்டி வாய்க்குள் போனதும் கண் கலங்கியது. அவ்வளவு உப்பு. கடலில் தவறி விழுந்தவன் வாயைத் திறந்தால் இப்படித்தான் இருக்கும். கிளைவ் மூலை மேசையைப் பார்த்தான். ரான் தன் சூப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சமையலறைக் கதவு திறந்தது. லொரேன் கையைத் துடைத்துக்கொண்டே நேராக வந்தார். எண்பது வயதுக் கிழவரும் அவருக்குக் ‘கண்ணு’தான்.

“எல்லாம் சரியா இருக்கா, கண்ணு?”

“அருமை, லொரேன்,” என்றான் கிளைவ்.*

“சூப்பு?”

“சூப்புதான் அருமை.”

லொரேன் உடனே நகரவில்லை. ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தார். அப்புறம் மூலை மேசைக்குப் போனார். அங்கேயும் அருமை, ரானின் மனைவி ‘ரொம்ப’ என்று ஒன்று கூடவே சேர்த்துக்கொண்டார்.

[* எங்கள் ஊரில் சாப்பாட்டு மேசையில் ‘எல்லாம் சரியா?’ என்பது கேள்வியே அல்ல. ‘எப்படி இருக்கீங்க?’ என்று கேட்டால் கால் உடைந்தவனும் ‘நல்லா இருக்கேன்’ என்கிறான் இல்லையா, அந்த வகை. சமைத்தவர் முகத்துக்கு நேரே குறை சொல்வது, கேட்காமல் அவர் படுக்கையறைக் கதவைத் திறப்பதற்குச் சமம். பிடிக்கவில்லை என்றால் மறுபடி போகமாட்டோம். எங்கள் புகார் அவ்வளவுதான்.]

வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் ரான் மூச்சு விட்டார்.

“இன்னிக்கு ராத்திரி பூரா தண்ணி குடிக்கணும் போல இருக்கே. மாட்டுக்கு நக்கப் போடுவாங்களே உப்புக்கட்டி, அது ஞாபகம் வந்துச்சு.”

“அவங்ககிட்ட யாராவது சொல்லணும், ரான்.”

“சொல்லணும்தான். நீங்க சொல்லுங்க. நாங்க வியாழக்கிழமை வண்டிக்கு மாறிட்டோம். இன்னிக்கு வந்தது கூட உங்களுக்காகத்தான், தனியா உக்காந்திருப்பீங்களேன்னு.”

4

இந்த இடத்தில் எனக்குக் கிளைவ் மேல் எரிச்சல் வருகிறது. பாத்திரத்தைக் கொஞ்சம் திடப்படுத்தலாம் என்று ஒரு பக்கம் எழுதினேன்:

“கிளைவ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். ‘லொரேன், ஒரு நிமிஷம், இந்த சூப்புல—’”

கிழித்துப் போட்டேன். நான் எழுந்திருக்கவில்லை. (அவன். அவன் எழுந்திருக்கவில்லை.)

ஃபெனெல்லாவிடம் போனான்.

“பப்பை மட்டும் விட்டுட்டா என்ன?”

“மூணு இடத்துல ஒண்ண விட்டா ஊருக்கே தெரிஞ்சிடுமே. பத்தொம்பது வருஷமா நம்ம ஊருக்குச் சமைச்சவங்களுக்கு இதுதான் மரியாதையா?”

“அப்ப பொய் எழுதவா?”

“பொய்யுன்னு ஏன் சொல்றீங்க? அவங்களுக்குக் கஷ்ட காலம், கூட்டமே இல்ல. நாலு நல்ல வார்த்தை எழுதினா என்ன கொறஞ்சிடும்?”

அது அவனுக்கு நியாயமாகப் பட்டது. எனக்கும் அன்றைக்கு நியாயமாகத்தான் பட்டது. அந்த வரியை இரக்கத்தில்தான் எழுதினேன். எத்தனையோ பண்டம் இருக்க, லீக் சூப்பையே தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அதைப் பற்றித்தான் லொரேன் அதிகம் விசாரித்தார். கேட்டவருக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

5

சிற்றேடு ஏப்ரல் கடைசியில் அச்சாகி வந்தது. ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து பப் மூடியிருந்த நேரம், கிளைவ் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாகச் சமையலறைக்குப் போனான். லொரேன் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து, ஏழாம் பக்கத்தை நின்றபடியே படித்தார். இரண்டு முறை படித்தார். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

“ஐயோ, என்னாச்சு லொரேன்?”

“ஒண்ணுமில்ல கண்ணு. மூணு மாசமா மூச்ச அடக்கிக்கிட்டே இருந்த மாதிரி இருந்துச்சு. இப்பதான் விடுறேன்.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “உங்ககிட்ட சொன்னா என்ன. எனக்கு ருசி தெரியல கிளைவ். காய்ச்சலோட போனது, திரும்பி வரவேயில்ல. வாசனையும் கெடையாது. வெண்ணெயும் சோப்பும் எனக்கு ஒண்ணுதான். டாக்டர கேட்டா, வரலாம், வராமலும் போகலாம்ங்கிறார்.”

“அப்ப எப்படி… எப்படிச் சமைக்கிறீங்க?”

“கைப்பழக்கம்தான். ஆனா என் கையையே எனக்கு நம்ப முடியல. அதனாலதான் மேசைக்கு மேசை நானே வந்து கேக்குறேன். முன்னாடி எப்பவாவது வந்து கேட்டிருக்கேனா? பரிமாறுற பொண்ணுங்கதானே கேப்பாங்க. பிப்ரவரியில சூப்புக்கு உப்பு பத்தலையோன்னு பயந்து ஒரு கை கூடப் போட்டேன். எல்லாரும் அருமைன்னீங்க. சரி, அதுதான் அளவுன்னு வச்சுக்கிட்டேன். உங்க நாக்க வச்சுத்தான் நான் சமைக்கிறேன். இந்த ஊரு நாக்க வச்சு.”

கிளைவுக்கு உட்கார இடம் தேவைப்பட்டது. சமையலறையில் வேறு முக்காலி இல்லை.

“கூட்டம் கொறஞ்சது குளிராலன்னு நெனச்சிட்டிருந்தேன்,” என்றார் லொரேன். “நாளைக்குப் பீர் ஆலையிலேருந்து ஆள் வர்றார், கட்டடம் அவங்களதுதானே. சாப்பிட்டுப் பாத்துட்டுத்தான் குத்தகைய நீட்டுறதா வேண்டாமான்னு சொல்வாங்களாம். மே மாசத்தோட முடியுது. என்ன போடுறதுன்னு ஒரு வாரமா தவிச்சிட்டிருந்தேன். நீங்களே முடிவு பண்ணிக் குடுத்துட்டீங்க. லீக் சூப்புதான்.”

பானையைத் திறந்து, ஒரு கரண்டி எடுத்து, ஊதி ஆற்றி நீட்டினார். “நாளைக்குன்னு வச்சிருக்கேன். ஒரு வாய் பாருங்க.”

இதற்கு மேல் கிளைவ் வேண்டாம். அந்தக் கரண்டியை வாங்கியது நான்.

6

முடிவு அ: உண்மையைச் சொல்கிறேன். லொரேன் பானையைக் கொட்டிவிட்டுப் புதிதாகச் சமைக்கிறார், நான் பக்கத்தில் நின்று ருசி பார்க்கிறேன், குத்தகை நீள்கிறது, இருவரும் சிரிக்கிறோம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. இந்த முடிவில் வரும் ஆளை எனக்குத் தெரியாது.

முடிவு ஆ: ‘அருமை’ என்கிறேன். மறுநாள் ஆலைக்காரர் வருகிறார். அவரும் இந்த நாட்டுக்காரர்தானே. கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு ‘அருமை, ரொம்ப நன்றி’ என்று கை குலுக்கிவிட்டுப் போகிறார். இரண்டு வாரம் கழித்து, குத்தகையை நீட்டுவதற்கில்லை என்று கடிதம் வருகிறது. ஏன் என்று லொரேனுக்குக் கடைசி வரை புரிவதில்லை.

முடிவு இ: என் கை தவறுதலாகப் பட்டுப் பானை கவிழ்ந்து, சூப்—

இதை எழுதும்போதே எனக்கு வெட்கமாகிவிட்டது.

7

உண்மையில் நான் சொன்னது இது.

“பரவாயில்ல.”

உங்கள் காதுக்கு அது ஒன்றுமில்லாத சொல்லாகப் படலாம். எங்கள் ஊரில் மழையைப் பற்றி, மருமகனைப் பற்றி, மூட்டு அறுவைசிகிச்சையைப் பற்றி அப்படிச் சொல்லலாம். சமைத்தவர் எதிரே நிற்கும்போது சாப்பாட்டைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. துணிச்சலால் சொல்லவில்லை. ‘அருமை’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அது வரவில்லை.

லொரேன் இந்த ஊரில் பிறந்தவர். அவருக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக் கீழே வைத்தார். அடுப்பை அணைத்தார்.

“உப்பா?”

தலையை ஆட்டினேன்.

“கூடயா, கம்மியா?”

“கூட.”

அவர் சன்னல் பக்கம் திரும்பி நின்றார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திரும்பியபோது முகத்தில் கோபம் இல்லை, ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மேசையாக, ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்க்கிறார் என்று புரிந்தது. அப்புறம் கேட்டார்.

“எத்தன நாளா, கிளைவ்?”

(பெயரை அவர் வாயில் நான் மாற்றியிருக்கிறேன். கேள்வியை மாற்றவில்லை.)

அதற்கு இரண்டு பதில்களைத் தனித்தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று: “இன்னிக்குத்தான்.” அவர் இன்று கை தவறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, வேறு பானை ஏற்றுவார். நாளையும் மறுநாளும் மேசைக்கு மேசை வந்து கேட்பார், எங்களை நம்பிக்கொண்டே இருப்பார். நாங்களும் அருமை என்றே சொல்லிக்கொண்டிருப்போம்.

இன்னொன்று: “பிப்ரவரியிலேருந்து.” அதைச் சொன்னால் அவர் சமையலைக் காப்பாற்றிக்கொள்ளலாம். ஆனால் மூன்று மாதம் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்த நாங்கள் ஒவ்வொருவரும் பொய் சொன்னோம் என்று தெரிந்துகொள்வார். பத்தொன்பது வருடம் சமைத்துப் போட்ட ஊரில், இனி எந்த நல்ல வார்த்தையையும் அவர் நம்பப்போவதில்லை. நான் தந்த பதில் எதுவென்று இங்கே எழுதமாட்டேன். எழுதினால், நான் சரியாகச் செய்தேனா என்று உங்களிடம் கேட்க முடியாது.

எனக்கு வேறு போக்கிடமும் இல்லை. பெயர், பப், சூப் எல்லாவற்றையும் மாற்றி, போன மாதம் பக்கத்து ஊர் நூலகத்தில் பன்னிரண்டு பேருக்கு இந்தக் கதையை வாசித்துக் காட்டினேன். இரண்டு தாள்களையும் மேசையில் வைத்து, எந்தப் பதில் சரி, நீங்களே சொல்லுங்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். கதை அருமை என்றார்கள்.