பைக்குள் போன டிஸ்க்

தில்லியிலிருந்த தேர்வு வாரியத்தின் சர்வர் காலையிலிருந்து விடாமல் பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தது. அதிலிருந்த இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் ஒன்றின் விளக்கு சிவப்பாகிவிட்டது. சர்வரைப் பார்த்துக்கொள்ளும் மதுமதி அதற்காகப் பதறவில்லை. ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதிவாகும் ஏற்பாடு அது. ஒன்று செத்தாலும் மற்றது தாங்கும். புது டிஸ்க்கைச் செருகினால், நல்லதிலிருந்து எல்லாவற்றையும் தானாகவே நகல் எடுத்துக்கொள்ளும்.

அது 2003 ஜூன். அடுத்த வாரம் குமாஸ்தா பரீட்சையின் முடிவு வெளியாகவிருந்தது. எழுதியவர்கள் அத்தனை பேரின் மதிப்பெண்களும் அந்த இரண்டு டிஸ்க்குகளில்தான் இருந்தன.

மதியம் கம்பெனி இன்ஜினியர் அர்விந்த் வந்தான். தில்லியில் பிறந்து வளர்ந்த தமிழன். சிவப்பு விளக்கு எரிந்த டிஸ்க்கை உருவினான். அதே இடத்தில் புதியதைச் செருகினான். திரையில் நகல் எடுக்கும் கணக்கு நகரத் தொடங்குமுன்பே பழையது அவன் பைக்குள் போயிருந்தது. அந்த அவசரம் மதுமதிக்குப் பிடிக்கவில்லை.

"பழசை எங்க கொண்டு போறீங்க?"

"கம்பெனிக்கு மேடம். பழசைக் குடுத்தாத்தான் புதுசு. ரூல்."

"அதுல மார்க் எல்லாம் இருக்கு."

"அரே மேடம், கராப் ஆன டிஸ்க். அதை யாரு படிக்க முடியும்?"

அவள் கையை நீட்டியபடியே நின்றாள். அப்போதுதான் கதவு திறந்து கஸ்தூரிரங்கன் உள்ளே வந்தார். துணைச் செயலாளர். சர்வர் அறைக் குளிர் அவருக்கு ஆகாது. எது வேண்டுமானாலும் போனில்தான் கேட்பார். இன்று காதைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு அவரே வந்திருந்தார்.

"என்ன மதுமதி, அவரை ஏன் நிறுத்தி வெச்சிருக்கேள்? பழசுதானே, குடுத்தனுப்புங்கோ. ஜல்தி முடியட்டும்."

மதுமதிக்கு உள்ளே ஏதோ இடறியது. இவர் அக்கா பெண் ஜ்யோத்ஸ்னா இவர் வீட்டிலேயே தங்கி இதே பரீட்சையை எழுதியிருந்தாள். அவரே ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னதுதான்.

"ஒருதடவை செக் பண்ணிட்டுக் குடுக்கறேன் சார்" என்று சொல்லி, அர்விந்த் முனகமுனக டிஸ்க்கை வாங்கிக்கொண்டாள்.

மூலையில் அதே ரகத்தில் ஒரு பழைய சர்வர் சும்மா கிடந்தது. அதில் செருகி இயக்கினாள். செத்துப்போனதாகச் சொன்ன டிஸ்க் ஒரு தடங்கலும் இல்லாமல் சுழன்றது. கோப்பு திறந்தது. பெயர், பதிவு எண், மதிப்பெண் என்று திரை நிறைய ஓடியது.

மதுமதி மனசுக்குள் கோத்துப் பார்த்தாள். நல்ல டிஸ்க்கைக் கெட்டது என்று சொல்லி உருவியாயிற்று. எடுத்துப்போக ஒருவன். அனுப்பிவைக்க ஒருவர்.

"சார், இது கெட்டுப்போகவே இல்ல. எல்லாம் படிக்க முடியுது. இது வெளிய போகாது."

"அப்படின்னா?"

"உங்க ஜ்யோத்ஸ்னா எழுதின பரீட்சை சார் இது." பட்டென்று சொல்லிவிட்டாள்.

கஸ்தூரிரங்கன் கைக்குட்டையைக் காதிலிருந்து எடுத்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் மதிப்பெண் சர்வர் மறுபடி அலறியது. மூவரும் திரும்பினார்கள். பாதிகூட நகல் ஆகவில்லை. சற்றுமுன் உறை பிரித்த புது டிஸ்க்கும் சிவப்பாகிவிட்டது.

அர்விந்த் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தான். புதியதை உருவிப் பக்கத்துக் காலி இடத்தில் செருகினான். பச்சை எரிந்தது. கணக்கு மறுபடி முதலிலிருந்து நகர்ந்தது.

"அச்சா! டிஸ்க் செருகற ஸ்லாட்தான் கராப் மேடம். டிஸ்க் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. நான் லைட்டைப் பாத்துட்டு அப்படியே மாத்திட்டேன். ஸாரி."

மதுமதி தரையைப் பார்த்தாள்.

"அவ அப்ளிகேஷன் போட்ட அன்னிக்கே சேர்மன்கிட்ட சொல்லிட்டேன்" என்றார் கஸ்தூரிரங்கன். "மார்க் வேலை எதுவும் என்கிட்ட வரலை, விஜயலக்ஷ்மி மேடம்தான் பாக்கறா. நீங்க கவனிக்கலையா?"

கவனித்திருந்தாள். ஏன் என்றுதான் யோசிக்கவில்லை.

"முடிவு தள்ளிப்போகுமான்னு மேலேர்ந்து போன் மேல போன். அதான் ஓடி வந்தேன்." அர்விந்திடம் திரும்பினார். "பழசு இங்கேயே இருக்கட்டும். உங்க கம்பெனிகிட்ட நான் பேசிக்கறேன்."

"சார், நான் அப்படி..." என்று ஆரம்பித்தாள்.

"குடுக்காதது சரி. அதை நான் தப்பு சொல்லலை" என்றவர் மற்றதைப் பற்றி எதுவும் சொல்லாமல் போய்விட்டார்.

அன்று லக்ஷ்மிபாய் நகருக்கு பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வீடு சேருவதற்குள் வேறொன்றும் தோன்றியது: சேர்மனிடம் சொன்னதாக அவர்தானே சொல்கிறார்? சேர்மனிடம் போய் யார் கேட்பது? ஒருமுறை உள்ளே வந்த சந்தேகம் சுலபத்தில் வெளியே போவதாக இல்லை. அந்த வாரம் முழுக்க இருவரும் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசிக்கொண்டார்கள்.

முடிவு வெளியான காலையில் மதுமதி முதல் வேலையாகத் தேர்ச்சிப் பட்டியலில் ஜ்யோத்ஸ்னாவின் பெயரைத் தேடினாள். மேலிருந்து கீழ்வரை தேடியும் கிடைக்கவில்லை. இன்னொருமுறை தேடினாள். நிமிர்ந்தபோது வாசலில் கஸ்தூரிரங்கன் நின்றுகொண்டிருந்தார்.

"பாத்தாச்சா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமா சார்."

"நான் இன்னும் பாக்கலை. இருக்காளா?"

"இல்ல சார்."

அவர் கதவுப் பிடியில் கை வைத்தார்.

"ராத்திரியெல்லாம் உக்காந்து படிச்சா" என்றார். பிறகு, ஆத்துக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே தன் அறைக்கு நடந்தார்.