இருபத்துமூன்று பேர் சொன்ன ஆமா

நினைவாற்றல் ஆராய்ச்சி என்றால் ஏதோ பெரிய விஷயம்போலத் தோன்றும். முப்பது சொற்களை வாசித்துக் காட்டுவார்கள். பிறகு அவற்றோடு புதிதாக முப்பதைக் கலந்து, "இதை வாசித்தேனா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். ஆமா, இல்லை, அவ்வளவுதான் பதில். அதில் எது நினைவு, எது குருட்டாம்போக்கு என்று ஆளாளுக்குப் பிரித்துச் சொல்வது இந்த ஆராய்ச்சியை நடத்தும் கலைச்செல்வியின் லேப்டாப்பில் இருக்கும் மென்பொருள். ஒருவரைக் கணிக்கும்போது மொத்தக் கூட்டத்தையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளும்.

அதுதான் இன்று காலை செம்பூர் ஆபீஸில் குண்டைத் தூக்கிப் போட்டது. தாராவிப் பெண்கள் இருபத்துமூன்று பேரின் பதில்கள் எந்தக் கணிப்புக்கும் அடங்கவில்லை. மென்பொருள் ஒரே கணக்கை நான்கு தடவை போட்டுப் பார்க்கும்; விடை சரியென்றால் திரையில் சேர்ந்து ஓடவேண்டிய அந்த நான்கு கோடுகளும் திசைக்கொன்றாகப் போயின. வாசிக்காத ஐந்து சொற்களுக்கு ஒருவர் விடாமல் ஆமா என்றிருந்தார்கள்.

"ஒரே ஆள் உக்காந்து எழுதியிருக்கா," என்றார் பேராசிரியர் அனந்தகிருஷ்ணன். "ஏழு மணிக்கு கமிட்டி மீட்டிங். அதுக்குள்ள சொல்லு. இல்லேன்னா அந்தப் பொண்ண அனுப்பிச்சுடுவா."

அந்தப் பெண், வீடு வீடாகப் போய்ப் பதில் வாங்கி வந்த இசக்கிசெல்வி. கலைச்செல்வியின் சந்துக்காரி, அவளே சிபாரிசு செய்து சேர்த்தவள். வேலை போனால் வேறு தேடலாம். பொய் எழுதினவள் என்ற பேர் போகுமா? எழுதித்தான் இருப்பாளோ என்றும் கலைச்செல்விக்கு ஒரு நினைப்பு ஓடியது.

ஆறரைக்கு அவளையும் இழுத்துக்கொண்டு, பட்டியலில் முதல் பேரான சண்முகவடிவின் வீட்டுக்குள் நுழைந்தாள். சண்முகவடிவு அப்போதுதான் விளக்கேற்றியிருந்தாள். பாத்திரம் தேய்க்கிற நான்கு வீடும் முடித்து அவள் கிடைக்கிற நேரமே அதுதான்; மற்ற இருபத்திரண்டு பேரையும் இசக்கிசெல்வி பார்த்தது விளக்கு வைத்த பிறகுதான்.

கலைச்செல்வி எதையும் வாசித்துக் காட்டவில்லை. நேராகக் கேட்டாள்.

"சித்தி, நாற்காலின்னு வாசிச்சேனா?"

"இல்ல."

"அரிசி?"

"ஆமா."

"நான் எதையுமே வாசிக்கலையே!"

"அதுக்கு? வெளக்கு வச்ச வீட்டுல அரிசி இல்லன்னு சொல்லச் சொல்லுதியாட்டி?"

கலைச்செல்விக்குப் பொட்டில் அறைந்தாற்போல் இருந்தது. அரிசி, உப்பு, மஞ்சள், எண்ணெய், பால்: விளக்கு வைத்தபின் வீட்டில் இல்லை என்று சொல்லவே கூடாதவை. வெளிநாட்டுப் பட்டியலைப் பார்த்து அந்தச் சொற்களைப் போட்டவள் அவளேதான். ஆமா, இல்லை தவிர வேறு பதிலே கூடாது என்று சட்டம் போட்டவளும் அவளேதான். இதே சந்தில் வளர்ந்த மகராசி!

தரையில் உட்கார்ந்து ஐந்து சொற்களையும் நீக்கிவிட்டு மென்பொருளை மறுபடி ஓட்டினாள். ஆறு ஐம்பத்தைந்து. கோடுகள் நகர மறுத்தன. ஏழுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் நான்கும் ஒன்றாகப் பின்னி ஓடத் தொடங்கின. பெண்கள் தனித்தனி ஆட்களாகத் தெரிந்தார்கள். ஒருத்திக்கு நல்ல நினைவு, ஒருத்திக்கு மறதி, ஒருத்தி பாதிக்குமேல் குருட்டாம்போக்கு. ஒரே ஆள் இப்படி எழுத முடியாது.

போன் அடித்தது.

"அந்தப் பொண்ணு பொய் எழுதினாளா? ஒரே வார்த்தையில சொல்லு."

"இல்ல சார். தப்பு என்னோடது. பட்டியல் நான் போட்டது."

போனை வைத்துவிட்டு லேப்டாப்பை மூடினாள். இசக்கிசெல்வி அப்போதுதான் முதல்முறையாகப் பேசினாள்.

"நான் எழுதியிருப்பேன்னு நீயும் நெனச்சியாக்கா?"

இல்லை என்று சொல்லிவிட வாய் துடித்தது. சொன்னால் நம்பவும் செய்வாள்.

"ஆமா," என்றாள் கலைச்செல்வி.