தண்ணி ஊத்திடுங்க மாமா

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வந்தால் வாய் சும்மா இருக்காது.

கேமரன் மலையில் பறக்கும் குண்டு வண்டுகள் எந்த வம்சம் என்று மரபணுவை வைத்துக் கண்டுபிடிப்பதுதான் என் பல்கலைக்கழக ஆராய்ச்சி. வண்டின் ஒரு கால் போதும். அதிலுள்ள மரபணுவைத் தாய்லாந்து, இமயமலை வண்டுகளின் மரபணுவோடு ஒப்பிட்டால், எது எதற்கு நெருங்கிய சொந்தம், எது எப்போது பிரிந்து வந்தது என்று தெரிந்துவிடும். வண்டுகள் வரும் பூக்கும் பருவத்தில் கோலாலம்பூரை விட்டு நகர முடியவில்லை. அதனால், தேயிலைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் எல்வின் மாமாவைப் பிடித்தேன். அம்மாவின் தம்பி.

"வண்டுக்குமா ஜாதி பாக்குறீங்க?" என்று சிரித்தார். ஆனாலும் வேலை முடிந்ததும் மோட்டாரை எடுத்துக்கொண்டு பிரிஞ்சாங் மலை உச்சிவரை போய்ப் பிடித்தார்.

வண்டு போடும் குழாய்களையும் ஒரு போத்தல் ஸ்பிரிட்டையும் ஒரு பையில் வைத்து பஸ்ஸில் அனுப்பியிருந்தேன். ஸ்பிரிட்டில் ஊறினால்தான் மரபணு கெடாது. போனில், "புடிச்சதும் உள்ள போட்டு தண்ணி ஊத்திடுங்க மாமா" என்றேன். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் ஸ்பிரிட்டைத் தண்ணி என்றுதான் கேலியாகச் சொல்வோம்.

போன ஞாயிறு சர்ச் முடிந்து மாமா வீட்டுக்குப் போனேன். லயத்து வரிசை வீடுகளின் ஜனம் பாதி வாசலில் இருந்தது. ஒரு குழாயைத் திறந்தேன். அழுகல் நாற்றம். வண்டுகள் கூழாகிக் கிடந்தன. பையில் போத்தலைக் காணோம்.

"ஸ்பிரிட்ட குடிச்சிட்டு பச்சத் தண்ணிய ஊத்தி வச்சிருக்கீங்களா மாமா?"

வாசலில் இருந்த எல்லாரும் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள். குடியால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு, குடியை விட்டபிறகுதான் அத்தையிடம் திரும்பி வந்தவர் அவர். இன்னொரு முறை குடித்தால் கதவு திறக்காது என்று அத்தை சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்.

"நான் தொடவே இல்ல லா" என்றார் மாமா.

பார்பரா அத்தை எழுந்து வந்தார். "ஊதுங்க."

அத்தனை பேர் முன்னால், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, மாமா வாயைத் திறந்து ஊதினார். அத்தை முகர்ந்து பார்த்தார்.

பக்கத்து வீட்டுப் புனிதா தன் வீட்டுக்குள் ஓடிப் போத்தலைக் கொண்டுவந்தாள். மூடியின் சீல்கூட உடையவில்லை. "வந்த அன்னிக்கே எங்கிட்ட குடுத்துட்டாருக்கா. வீட்ல இருந்தா மனசு கேக்காதுன்னாரு."

"நீ தண்ணின்னுதானேம்மா சொன்ன?" என்றார் மாமா. "பைப்புத் தண்ணிதான் ஊத்துனேன்."

அட பாவி, நானா இப்படிச் செய்தேன்! "தப்பு என்னோடது, மாமா மேல ஒண்ணுமில்ல" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுக் கலைந்தார்கள். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

நான் மாமாவின் கையைப் பிடித்தேன்.

"பரவால்ல, அடுத்த பூவுக்குப் புடிச்சுத் தரேன்" என்றார். சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு, இன்னொரு கையால் வாயைப் பொத்தியிருந்தார்.